கிணற்றடியில் திருத்தி எழுதிய புரோகிராம்

அளவெட்டியிலிருந்து அந்த அழைப்பு வந்த காலையில் நான் மானிப்பாய் வீட்டின் முன்னறையில் இன்னொரு பெட்டிக்குத் திருகாணி பூட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, உங்கடை பெட்டி மோட்டரை நிப்பாட்டேல்லை. கிணத்திலை தண்ணி வத்தின பிறகும் ஓடி மோட்டர் கருகிப் போச்சுது," என்றார் அங்கே புகையிலைத் தோட்டம் செய்யும் அண்ணை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தோட்டக்காரர்களுக்கு நான் செய்துகொடுக்கும் சின்னப் பெட்டி அது. காலையில் மோட்டரைப் போடும். கிணற்றில் தண்ணீர் குறைந்தால் நிறுத்தும். உள்ளே நகமளவு சிப் ஒன்று, அதில் நான் எழுதிய புரோகிராம். அதை வரி வரியாகப் பார்த்தேன். எழும்பி நடந்தேன், திரும்ப வந்து பார்த்தேன். மதியச் சோறு ஆறிப்போன பிறகுதான் பிழை அகப்பட்டது. சிப் தனக்குள் நேரத்தை எண்ணிக்கொண்டே போகும். நாற்பத்தொன்பது நாள் கடந்ததும் எண் நிரம்பிப் பூச்சியத்துக்கு வந்துவிடும். அந்தக் கணத்தை நான் யோசிக்கவேயில்லை. அதன்பின் என் பெட்டி தண்ணீரைப் பார்ப்பதையே விட்டுவிடும். மற்றத் தோட்டங்களில் கறண்ட் போகும்போதெல்லாம் பெட்டி அணைந்து, எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கியது. அதனால் பிழை வெளியே தெரியவில்லை. அளவெட்டிப் பெட்டி சோலார் பற்றரியில் ஓடியது. அது ஒருநாளும் அணையவில்லை.

பற்றரியில் ஓடும் பெட்டி இன்னொன்றும் இருந்தது, கரவெட்டியில். அன்று அதற்கு நாற்பத்தைந்தாவது நாள்.

"மாசத்துக்கு ஒருக்காப் பெட்டியை நிப்பாட்டிப் போடச் சொன்னாச் சரிதானே? ஏன் இப்பிடிப் பதறிப் பதகளிக்கிறீர்?" என்றார் என் கணவர்.

எல்லாருக்கும் போன் எடுத்து அப்படித்தான் சொன்னேன். ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. யாராவது ஒருவர் மறந்தால்?

சிப்பைச் சர்க்கிட் போர்ட்டோடு ஈயம் வைத்து ஒட்டியிருந்ததால் கழற்ற முடியாது. ஆனால் மூலையில் ஆறு ஊசிகள் விட்டிருந்தேன். அவற்றில் லப்டொப்பின் கேபிளைக் கொழுவினால், சிப் இருந்த இடத்திலேயே பழையதை அழித்துப் புதியதை எழுதலாம். அன்று பின்னேரமே அளவெட்டிக்குப் போனேன். எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கருகிய மோட்டரைத் திருத்துவது என் பொறுப்பு என்று அண்ணையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் விடிந்ததும் ஸ்கூட்டரில் கரவெட்டிக்குப் புறப்பட்டேன். அங்கே ஓர் அக்கா தனியாளாக வெங்காயம் செய்கிறார். நட்டு அதிக நாளாகவில்லை.

"நல்லாத்தானே ஓடுது பிள்ளை? உந்தப் பெட்டியை ஏன் நோண்டுறியள்?"

புதிதாக வசதி ஒன்று போடுகிறேன் என்று சொல்லிச் சமாளிக்கலாம். அதுதான் நாக்கு நுனிவரை வந்தது. "நான் எழுதினதிலை பிழை அக்கா. விட்டால் மோட்டர் கருகும்," என்றேன்.

என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப கெதியாச் செய்யுங்கோ. வெயில் ஏற முதல் தண்ணி விட வேணும்."

லப்டொப்பைக் கிணற்றுக்கட்டில் வைத்து எழுதத் தொடங்கினேன். பழையது அழிந்தது. புதியது ஏறியது. எழுதியதை வாசித்து ஒப்பிட்டபோது பொருந்தவில்லை என்று திரையில் வந்தது. மறுபடி எழுதினேன். பொருந்தவில்லை. கேபிளை மாற்றினேன், ஊசிகளைத் துடைத்தேன். மூன்றாவது முறையும் அதே செய்தி. உள்ளே பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரிப் போச்சுது?"

"பழசு அழிஞ்சு போச்சுதக்கா. புதுசு சரியா ஏறுதில்லை."

"அப்ப மோட்டரை நேராப் போடேலாதே?"

"முந்தி இருந்த சுவிச்சை நான்தானே கழட்டினனான்."

அவர் திரும்பிப் பாத்திகளைப் பார்த்தார். நான் கிணற்றைச் சுற்றி நடந்தேன். வீட்டு மேசையில் ஒருநாளும் வராத பிழை இங்கே ஏன் வருகிறது? அளவெட்டியில் வராதது? குனிந்து பார்த்தபோது, தண்ணீரின் அளவைப் பார்க்கும் வயர் கிணற்றுக்குள் இறங்கிப் போவது கண்ணில் பட்டது. என் மேசையில் அது கை நீளம்தான். அளவெட்டியிலும் கட்டை வயர். இந்தக் கிணறு ஆழம். அந்த வயரும் ஆறு ஊசிகளில் ஒன்றும் சிப்பின் ஒரே காலில்தான் போய்ச் சேர்ந்தன. ஈரத்தில் கிடந்த அவ்வளவு நீள வயர், நான் அனுப்பியதைக் குழப்பிக்கொண்டிருந்தது.

வயரைக் கழற்றிவிட்டு எழுதினேன். பொருந்தியது. திரும்பப் பூட்டியதும் மோட்டர் உறுமியது, தண்ணீர் வாய்க்காலில் ஓடியது.

அக்கா மண்வெட்டியோடு பாத்திக்குப் போய், தண்ணீரைத் திருப்பிவிட்டுத் திரும்பி வந்தார். "உந்தப் பெட்டி இனிப் பழுதாகாதெண்டு உங்களாலை சொல்லேலுமே?"

"இல்லை அக்கா. சொல்லேலாது."

"அப்ப நீங்கள் வராமலே நான் மோட்டரைப் போட ஒரு சுவிச் பூட்டித் தாங்கோ."

என் பெட்டியிருக்கச் சுவிச் எதற்கு என்று பெருமையாகக் கழற்றியவள் நான். நெல்லியடிக் கடைத்தெருவுக்குப் போய் ஒன்று வாங்கி வந்து பூட்டினேன். அவர் தன் கையாலேயே மூன்று முறை போட்டும் நிறுத்தியும் பார்த்த பிறகுதான் என்னைப் போகவிட்டார்.

தோட்டத்து வாசலில், படலையடியில் நின்று அளவெட்டி அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"நாளைக்குத் திரும்ப வாறன் அண்ணை."

"நேற்றுத்தானே வந்தனீங்கள்?"

"ஓம். சுவிச் ஒண்டு பூட்ட வேணும்," என்றேன். பிறகு ஸ்கூட்டரில் இருந்தபடியே மற்றவர்களையும் ஒவ்வொருவராக அழைக்கத் தொடங்கினேன்.