டோக்காய்க்குத் தொட்டுக்கொள்ள

எடிசன் நகரில் நண்பன் சுந்தரம் வீட்டில் தங்கியிருக்கிறேன். அவனது கிரீன் கார்டு மனுவில் கையெழுத்திட வேண்டிய ஹங்கேரிக்கார மேனேஜர் மதியம் சாப்பிட வருகிறார். அதனால் பீர்கூடக் குடித்தறியாத சுந்தரம் ஒரே நாளில் ஒயின் நிபுணனாகி, டோக்காய் என்ற ஹங்கேரி இனிப்பு வெள்ளை ஒயினை வாங்கி வந்திருக்கிறான்.

“இதுக்கு வாத்து ஈரல், இல்லன்னா ப்ளூ சீஸ்தான் மேட்ச் ஆகுமாம். ஈரல் நம்ம வீட்ல நடக்காது. சீஸ் வாங்கிட்டேன்டா.”

“அதுல பூஞ்சை புடிச்சிருந்துது. தூக்கிப் போட்டுட்டேன். மைசூர்பாகு வெச்சிருக்கேன்,” என்கிறாள் அவன் மனைவி கீதா. அந்த நீலப் பூஞ்சைக்குத்தான் அவன் காசு கொடுத்திருந்தான்.

மேனேஜர் பாட்டிலை ஆசையாகத் தடவிப் பார்த்து, தனக்குச் சர்க்கரை வியாதி என்கிறார். தயிர்சாதத்தை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டு, தானாகவே மனுவைக் கேட்டுக் கையெழுத்திடுகிறார்.

“பாத்தியா, ஒயின் வேலை செஞ்சிருச்சு,” என்று என் காதில் சொல்கிறான் சுந்தரம். பாட்டிலை இன்னும் யாரும் திறக்கவில்லை.