தலைப்பின் கீழே யார் பெயர்

எங்கள் சங்கத்தின் ஆண்டிதழுக்கு நடைக் கையேடு எழுதியவள் நான்தான். இன்றும் அதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன், சொல்லும்போதே கோபமும் வருகிறது.

ஜித்ரா நகரில் கூடும் தமிழ்ச் சங்கம் அது. உறுப்பினர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்ற அரசாங்க அதிகாரிகள், மீதிப் பேர் ஆசிரியர்கள். செர்டாங் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்திலிருந்து படித்து, வேலைக்காக ஜித்ரா வந்தவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான்.

கையேட்டுக்கு முன் இதழைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஒரு கட்டுரைக்குச் சிவப்புத் தலைப்பு, இன்னொன்றைச் சுற்றிப் பூவேலை. கட்டுரையாளரின் பெயருக்கு முன்னாலும் பின்னாலும் பட்டங்கள் நீண்டு, பெயரே எது என்று தெரியாது. நான் எல்லாவற்றையும் வெட்டினேன். எழுத்தின் அளவு, வரி இடைவெளி, ஓரம், படக்குறிப்பு என எல்லாவற்றுக்கும் விதி வைத்தேன். பட்டங்கள் கடைசிப் பக்கத்துக்குப் போயின. அதற்கே இரண்டு கூட்டங்கள் சண்டை போட்டேன்.

ஏழாம் விதிக்குச் சண்டையே வரவில்லை. பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதியபோது பழகிய முறை அது. தலைப்பின் கீழே எழுதியவர் பெயர் மட்டும். செய்தியைச் சொன்னவர் பெயர் கட்டுரை முடிவில், சிறிய எழுத்தில், 'தகவல் தந்தவர்' என்று. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டு இதழுக்கு, அவரவர் குடும்பத்தில் பார்த்த வேலைகளைப் பற்றிய நினைவுகள் கேட்டிருந்தார்கள். மூன்று வாரக் கடைசிகள் தோட்டத்து வீட்டுக்குப் போய் அம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். தோட்டத்தில் களைக்கு மருந்தடித்தே வயதைக் கழித்தவர் அம்மா. முதுகில் மருந்தடிக்கும் பம்பைச் சுமந்ததை, கை கழுவியும் சோற்றில் மருந்து வாடை வந்ததை வரிசையாகச் சொன்னார். நான் குறுக்கே தாவினால், "இரு, அதுக்கு முன்னாடி இன்னொன்னு இருக்கு" என்று நிறுத்துவார். படித்துக் காட்டியதும் இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார். எங்கே தொடங்குவது, எங்கே முடிப்பது எல்லாம் அவர் முடிவு. நான் தட்டச்சு செய்தேன், அவ்வளவுதான். தலைப்பின் கீழே அம்மா பெயரைப் போட்டு அனுப்பினேன்.

சங்கத் தலைவர் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், பொதுப்பணித் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். நான் அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். குரல் உயர்த்தாத மனிதர். செயற்குழுவில் என் பக்கத்தைத் தள்ளிவைத்துச் சொன்னார்: "பிள்ளை, ஏழாம் விதி நீர் போட்டதுதானே? அம்மா சொன்னவா. எழுதினது நீர். உம்மட பேர் மேல வந்தா உமக்குத்தானே பெருமை."

எனக்கு நல்லது செய்வதாகவே நினைத்தார். என் பெயர் மேலே போனது. அம்மா கீழே இறங்கி, 'தகவல் தந்தவர், தோட்டத் தொழிலாளி' ஆனார். விதி என்னுடையது, என்ன வாதாட? பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பக்க அமைப்பும் என் பொறுப்பு. அடுத்த வாரம், இதழின் முதல் கட்டுரையை எடுத்தேன். தலைவரின் தந்தை ரயில் நிலைய அதிகாரியாக இருந்த காலத்து நினைவுகள். அவருக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, பார்வை இல்லை. அப்பா சொல்லச் சொல்லத் தாம் எழுதியதாகத் தலைவரே கூட்டத்தில் சந்தோஷமாகச் சொல்லியிருந்தார். ஆனால் தலைப்பின் கீழே தந்தையின் பெயர். குழுவில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. இரண்டு முறை பிழை திருத்திய எனக்கும் அதுவரை உறுத்தவில்லை. அதுதான் என்னை அதிகம் கொதிக்கவைத்தது.

ஆட்சேபித்துக் கடிதம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை, விதியை அமல்படுத்தினேன். மகன் பெயரை மேலே போட்டேன். தந்தையைக் கட்டுரையின் அடியில் இறக்கி, சிறிய எழுத்தில், 'தகவல் தந்தவர், ரயில்வே ஊழியர்' என்று போட்டுக் குழுவில் எல்லாருக்கும் அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் தலைவரிடமிருந்து அழைப்பு வந்தது. "அப்பா தகவல் தந்தவரோ? அது அவற்ற வாழ்க்கையல்லோ?" என்றார்.

"எங்கம்மா சொன்னதும் அவங்க வாழ்க்கதான் அங்கிள்."

அப்பா படித்த மனிதர், கண் தெரிந்தால் தாமே எழுதியிருப்பார் என்றார்.

"எங்கம்மாவயும் யாராச்சும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தா, அவங்களும் எழுதியிருப்பாங்க."

அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் ஏழாம் விதி மாறியது. யாருடைய நினைவோ அவர் பெயர் மேலே, எழுதிக் கொடுத்தவர் பெயர் கீழே. தலைவர் முன்மொழிந்ததாகக் கூட்டக் குறிப்பு சொல்கிறது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல திருத்தம் என்று ஒருவர் பாராட்டினார். நிலைய அதிகாரி ஒருவர் கீழே இறங்கிய பிறகுதான் மருந்தடித்த பெண்ணுக்கு மேலே இடம் கிடைத்தது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அச்சான இதழை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கெம்போங் மீன் கழுவிக்கொண்டிருந்தார். போனில் நான் பேசியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்த ரூல மொதல்ல போட்டது யாரு?" என்றார்.

"நான்தாம்மா."

"போடறப்ப யாரக் கீழ தள்ளலாம்னு நெனச்ச?"

யாரையும் நினைக்கவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அம்மா தலை நிமிராமல் மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.