சத்தத்துக்குப் பின்னால் ஓடிய படம்

ஒரு வீடியோவைத் தடங்கலில்லாமல் ஓட வைக்க ஒரு மாதம் மல்லுக்கட்டினேன் என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கையில் இருக்கும் போனில் எல்லாமே ஓடுகிற காலத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குக் காது கேட்கும். என் தங்கைக்குக் கேட்காது.

அவளுக்குப் பிறவியிலிருந்தே கேட்காது. சின்ன வயதில் அவளைச் சேர்த்த பள்ளியில் கையால் சைகை காட்டவே விடமாட்டார்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள், வாயைத் திறந்து பேசு என்பார்கள். சொல்லிக்கொடுத்ததெல்லாம் தெலுங்கில். நாங்களோ ஆந்திராவில் வடமாலபேட்டைப் பக்கம் தலைமுறை தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். ஆகவே எங்கள் வீட்டில் ஒரே பந்தியில் இரண்டு பாஷை ஓடும். அம்மா அவளிடம் தெலுங்கில் பேசுவாள், எங்களிடம் தமிழில் பேசுவாள். என்னைத் திட்டுவதெல்லாம் தமிழில்தான். தங்கை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும் என் மானம் தப்பிவிடும்.

மாம்பழ சீசனில் தங்கை மாம்பழக்கூழ் ஆலைக்கு வேலைக்குப் போவாள், மற்ற நாட்களில் வீட்டில் இருப்பாள். இருபத்தாறு வயது ஆகிவிட்டது. அப்படியிருந்தபோதுதான் திருப்பதியில் வேறொரு காது கேளாதோர் பள்ளியில், சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு உதவி டீச்சர் வேண்டும் என்று கேள்விப்பட்டோம். இப்போதெல்லாம் பள்ளிகளில் சைகை மொழியை ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதுவும் அவரவர் வீட்டுச் சைகை இல்லை, நாடு முழுக்க ஒரே மாதிரி முறையாகக் கற்றுக்கொண்ட சைகை. தேர்வுக்கு நாற்பது நாள் இருந்தது. ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டுவார்கள், பார்த்துவிட்டு அதில் சொன்னதைச் சைகையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பயிற்சிக்கென்று ஒரு பென் டிரைவ் நிறைய பாடங்கள் கொடுத்தார்கள்.

அந்த வேலை எனக்கு வேண்டும் என்று அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்துச் சொன்னாள். அதற்கு முன்னால் எதையும் வேண்டும் என்று அவள் கேட்டதாக எனக்கு நினைவில்லை. சரி, ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கினேன்.

நான் புத்தூரில் உரக்கடை ஒன்றில் பில் போடுகிறேன். அதனால் எங்கள் தெருவுக்கே நான்தான் கம்ப்யூட்டர் நிபுணன். வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் நான் டிகிரி படித்தபோது வாங்கியது. வீடியோக்களோ உயர் தரத்தில் எடுத்தவை. போனில் நன்றாகத்தான் ஓடின. ஆனால் சைகை என்பது சும்மா உட்கார்ந்து பார்க்கிற விஷயம் இல்லை. நாலடி தள்ளி நின்று, இரண்டு கையையும் ஆட்டிப் பழக வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் போனில் விரல் எங்கே தெரியும்? பெரிய திரைதான் வேண்டும், அதற்கு இந்தப் பழைய பெட்டியை விட்டால் கதி இல்லை.

கம்ப்யூட்டரோடு வந்த மென்பொருளில் போட்டேன். திரை கறுப்பாக இருந்தது, சத்தம் மட்டும் வந்தது. ஊரில் எல்லோரும் வைத்திருக்கும் இன்னொன்றை ஏற்றினேன். படம் வந்தது, ஆனால் ஓடி ஓடி நின்றது. மூன்றாவதை விளம்பரக் காடாக இருந்த ஓர் இணையதளத்திலிருந்து இறக்கினேன். அது கூடவே நாலு உறவுக்காரர்களை அழைத்து வந்து குடிவைத்தது. அவர்களை விரட்டவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. திருப்பதியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரிடம் கேட்டேன். வீடியோவின் தரத்தைக் குறைத்துச் சின்னதாக மாற்றிக்கொள், ஜம்மென்று ஓடும் என்றார். மாற்றினேன், ஜம்மென்று ஓடியது. தங்கை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். விரல்கள் ஒன்றோடொன்று கலந்து கூழாகத் தெரிந்தன. சைகையில் விரல் மட்டும் பேசுவதில்லை, புருவமும் பேசுகிறது. புருவம் உயர்ந்தால் கேள்வி. சின்ன வீடியோவில் பாடம் நடத்தும் டீச்சருக்குப் புருவமே இல்லை.

ஆகவே தரத்தைக் குறைப்பதில்லை என்று முடிவு செய்தேன். பெரிய படமாகவே வர வேண்டும், தடங்கல் இல்லாமலும் வர வேண்டும். ஒரு நோட்டு போட்டேன். ஒரே பாடத்தை ஒவ்வொரு மென்பொருளிலும் ஓட்டி எது தேவலை என்று குறித்தேன். கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அதில் உட்காருவேன். ஏழாவது மென்பொருள் எனக்குத் திருப்தியாக இருந்தது. வீடியோவைப் போட்டுவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே கவனித்தேன். ஒரு விக்கல் இல்லை, ஓட்டம் அவ்வளவு சுத்தம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

தங்கை தலையை ஆட்டினாள். நடுவில் நடுவில் போய்விடுகிறது என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இருபது நாள் போயாகிவிட்டது. இவளுக்கு என்ன செய்தாலும் குறைதான் என்று தோன்றியது. நன்றாகத்தானே ஓடுகிறது, பழகாமல் தப்பிக்கப் பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டேன். உதட்டைத் தெளிவாக அசைத்து, அவளுக்குப் புரியும் தெலுங்கில், புரிய வேண்டும் என்றே கேட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அவள் என் பின்னால் வந்து நின்றாள். இரண்டு உள்ளங்கையாலும் என் காதுகளை இறுக்கி அடைத்தாள். தலையைத் திரைப்பக்கம் திருப்பினாள்.

"இப்புடு சூடன்னா" என்றாள். இப்போது பார் அண்ணா.

பார்த்தேன். திரையில் டீச்சரின் கை நெற்றியிலிருந்து கிளம்பியது. அடுத்த கணம் மார்பில் இருந்தது. நடுவில் வந்த வழியைக் காணோம். ஓர் ஊரின் பெயரை விரலால் எழுத்தெழுத்தாகச் சொல்லும் இடம் வந்தது. திருப்பதி என்று ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. நான் எண்ணியதில் ஐந்துதான் வந்தது. மற்ற மூன்றும் எங்கே போயின என்று தெரியவில்லை. அத்தனை நாளும் நான் வீடியோவைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால்தான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாடங்களில் பின்னணியில் ஒருவர் தெலுங்கில் விளக்கம் சொல்லிக்கொண்டே போவார். அவர் குரல் அறுந்தால் மோசம், அறாமல் வந்தால் நல்லது என்று நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன். காது கேட்காதவளுக்காகக் குரல் எப்படி வருகிறது என்று பார்த்துப் பார்த்து மென்பொருள் தேடிய மகாபுத்திசாலி நான்.

அம்மாவிடம் சொன்னபோது அவளும் விடவில்லை. அவளுக்குப் படமென்றால் பொம்மைதான்.

"பொம்ம பாக்குறதுக்குக் காத இன்னாத்துக்குடா தொறந்து வெச்சிக்கினு இருந்த?"

அந்த வாரம் முழுக்க இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். சமாசாரம் இதுதான். வீடியோ என்பது அடுத்தடுத்து வரும் படங்கள். எங்கள் பாடங்களில் நொடிக்கு அறுபது படம். பழைய கம்ப்யூட்டருக்கு அத்தனையையும் விரித்துக் காட்ட நேரம் போதாது. அப்போது மென்பொருள் தானாக ஒரு முடிவுக்கு வருகிறது. குரல் அறுந்தால் யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், நாலு படம் போனால் கவனிக்க மாட்டார்கள். ஆகவே சத்தத்தை முன்னால் நடக்கவிட்டு, பிந்திய படங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுகிறது. மென்பொருளைச் செய்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கும் என்னைப் போலக் காது கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

இனி எனக்குத் தேவை அழகான மென்பொருள் இல்லை, சொன்ன பேச்சைக் கேட்கிற மென்பொருள். நோட்டைத் திருப்பினேன். பார்க்க நன்றாக இல்லை என்று முதல் வாரமே ஒதுக்கிய ஒன்று இருந்தது. பட்டன் கிடையாது, பளபளப்பு கிடையாது, எதையும் எழுதித்தான் சொல்ல வேண்டும். அதைத் திரும்ப ஏற்றி மூன்று கட்டளை எழுதினேன். சத்தத்தை எடுத்துவிடு. பிந்தி வந்தாலும் ஒரு படத்தையும் தூக்கிப் போடாதே. படம் விரிக்கும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பிடம் கொடு. மூன்றாவது மட்டும் மூன்று நாள் தண்ணீர் காட்டியது. சிப்புக்கான புது டிரைவர் மென்பொருளைத் தேடிப் பிடித்து ஏற்றியதும் வழிக்கு வந்தது.

இந்த முறை நான் சோதிக்கவில்லை. அவளை உட்கார வைத்து, நான் எழுந்து தள்ளி நின்றேன். ஊர்ப் பெயர் வரும் இடத்தில் அவள் விரல் விட்டு எண்ணினாள். எட்டு. ரிவர்ஸ் போட்டு மறுபடி எண்ணினாள். எட்டுதான். வீடியோ இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போனது. ஆனால் எதுவும் தவறிப் போகவில்லை. கை நெற்றியிலிருந்து கிளம்பி, நடுவில் எங்கெல்லாம் போக வேண்டுமோ போய், மார்பில் வந்து சேர்ந்தது. மீதமிருந்த பத்து நாளும், அந்தக் கட்டளைகளையும் தானே எழுதிப் பழகிக்கொண்டு, அவள் அந்தத் திரையின் முன்னால் நின்றாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்கு அம்மா விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டியிருந்தது.

தேர்வன்று நான்தான் பஸ்ஸில் அழைத்துப் போனேன். ஐந்து பேர் வந்திருந்தார்கள். மற்ற நால்வருக்கும் காது கேட்கும். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த எனக்கு ஜன்னல் வழியாக வீடியோவின் குரல் கேட்டது. சந்தைக்குப் போன ஆட்டுக்குட்டியின் கதை, தெளிவான தெலுங்கில், ஒரு விக்கல் இல்லாமல் வந்தது. நாலு முறை கேட்டதில் எனக்கே கதை மனப்பாடம் ஆகிவிட்டது. நான் உள்ளே போயிருந்தால்கூட ஆட்டுக்குட்டிக்கு என்ன ஆயிற்று என்று சொல்லியிருப்பேன். வெளியே வந்த பெண்களில் ஒருத்தி, படம் சரியாகவே தெரியவில்லை, கேட்டதை வைத்துச் சைகை காட்டிவிட்டேன் என்று தோழியிடம் சொன்னாள்.

அடுத்தது தங்கை. கதவைச் சாத்தினார்கள். ஆட்டுக்குட்டி சந்தைக்குக் கிளம்பியது, குரல் சுத்தமாக வந்தது. சுத்தமாக வருகிறது என்றால் உள்ளே படம் என்ன கதியில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். கதவைத் தட்டிச் சொல்லிவிடலாம் என்று எழுந்துவிட்டேன்.

அப்போது அவள் குரல் கேட்டது. வீட்டு வாசலைத் தாண்டினால் அவள் வாய் திறப்பதே இல்லை. அவள் குரல் கனமாக, ஏறக் கூடாத இடத்தில் ஏறி இறங்கும். கேட்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து அத்தனை வருடம் ஊமை என்ற பெயரை வாங்கிக்கொண்டிருந்தவள், முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உரக்கச் சொன்னாள். படம் நடுவில் போய்விடுகிறது, சரி செய்யுங்கள் என்றாள்.

சவுண்டு நன்றாகத்தானே வருகிறதம்மா என்று யாரோ பதில் சொன்னார்கள்.

"நாக்கு சவுண்டு வத்து. பொம்ம காவாலி."

எனக்குச் சத்தம் வேண்டாம், படம்தான் வேண்டும். வராந்தாவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலி இழுபடும் சத்தம், கீபோர்டு தட்டும் சத்தம். கம்ப்யூட்டர் தெரிந்தவர் யாராவது கூட வந்திருக்கிறார்களா என்று உள்ளே ஒருவர் கேட்டார். நான் கதவில் கை வைத்தேன். தானே செய்கிறேன் என்று அவள் சொல்வது கேட்டது. கையை எடுத்துக்கொண்டேன்.

ஆட்டுக்குட்டிக் கதை சொன்ன குரல் பாதியில் நின்றது. அவள் இப்போது அந்தப் பள்ளியில்தான் வேலை செய்கிறாள் என்பதெல்லாம் பிறகு வந்த செய்தி. அப்போது எனக்கு ஒன்றுதான் தெரிந்தது. அரை மணி நேரம் அந்த அறையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நான் பெஞ்சுக்குத் திரும்பிப் போய் நிம்மதியாக உட்கார்ந்தேன்.