பெல்ட்டுக்கு எண்ணெய் ஊற்றியவன்

மரக்காணம் கார் ஸ்டாண்டில் வண்டியைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நான் ரெண்டாம் கிளாஸ் வரை படித்தவன். அந்த வருஷம் டீச்சர் ரிட்டயர் ஆகிப் போனார், நானும் கூடவே போய்விட்டேன். அவருக்கு மாலை போட்டார்கள், எனக்கு அதுகூட இல்லை. இப்படிப்பட்டவனிடம் எதற்கு வந்து கேட்கிறார்கள் என்றால், "தெரியாது" என்ற பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. அந்த ஒரு தகுதிதான்.

உப்பளத்தில் மூட்டை தூக்கி, உப்பு லாரியில் கிளீனராகி, டிரைவராகி, கடைசியில் ஒரு பழைய டீசல் காரை வாங்கினேன். விற்றுக்கொடுத்த புரோக்கர் சாவியைக் கையில் கொடுக்கும்போது சொன்னான்: "அண்ணே, இந்த மாடலு செயின் வண்டி. ஆயுசுக்கும் தொடவே வேணாம்."

எஞ்சினுக்குள்ளே மேலே வால்வுகள், கீழே பிஸ்டன்கள். ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஏறி இறங்க வேண்டும். அந்த நேரத்தைப் பிடித்துக் கொடுப்பது சில வண்டிகளில் இரும்புச் செயின், சில வண்டிகளில் பல் வைத்த ரப்பர் பெல்ட். செயினை ஒழுங்காக வைத்துக்கொண்டால் எஞ்சின் இருக்கும் வரை அதுவும் இருக்கும். பெல்ட்டைக் காலம் பார்த்து மாற்றியே ஆகவேண்டும். இதெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது "செயின்" என்கிற அந்த ஒரு சொல்தான்.

எங்கள் பக்கத்தில் செயின் என்றால் அடுத்த சொல் எண்ணெய். உப்பளக் காற்று இரும்பை விட்டுவைக்காது. சைக்கிள் செயினுக்கு ஒரு வாரம் எண்ணெய் காட்டாவிட்டால் அது முறுக்கு மாதிரி நொறுங்கும். ஜன்னல் கம்பி, கேட்டுக் கீல், பம்பு செட்டு, எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான். வண்டிக்குள் இருக்கிற செயின் மட்டும் என்ன பாவம் செய்தது? எஞ்சின் பக்கத்தில் அந்தச் செயினை மூடியிருந்த கவரின் மேல்மூலை ஏற்கெனவே உடைந்திருந்தது. எண்ணெய் விடுவதற்கென்றே கம்பெனிக்காரன் வைத்த ஓட்டை என்று முடிவு செய்தேன். மாட்டு டாக்டரிடம் ஊசியில்லாத பெரிய சிரிஞ்ச் ஒன்று கேட்டு வாங்கினேன். மாசாமாசம் அமாவாசை அன்று வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றிக் கற்பூரம் காட்டியதும், பானெட்டைத் திறந்து அந்த ஓட்டையில் ஒரு சிரிஞ்ச் எஞ்சின் ஆயில். எட்டு வருஷம். ஒரு அமாவாசை தப்பியதில்லை.

நான் மட்டும் செய்திருந்தாலும் பரவாயில்லை. "செயின் வண்டிய இப்படித்தான்டா பாத்துக்கணும்" என்று ஸ்டாண்டு முழுக்கப் பாடம் எடுத்தேன்.

இந்த வருஷம் என் மகளுக்குச் சென்னையில் நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. எங்கள் தெருவிலிருந்து காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகிற முதல் பெண் அவள். எனக்கு ஒரே ஒரு ஆசை. கண்டவர்களை எல்லாம் ஏர்போர்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் ஏற்றிக்கொண்டு போன வண்டி அது. ஒரு நாளாவது என் மகள் முன்சீட்டில் உட்கார, காலேஜ் கேட்டுக்குள் என் வண்டி நுழைய வேண்டும். அதற்காகப் புது சீட் கவர் போட்டேன். டீக்கடை, சலூன், ரேஷன் கடை எல்லா இடத்திலும் சொல்லிவைத்தேன். ரேஷன் கடைக்காரர் என்னைக் கண்டதுமே, "தெரியும்பா, வெள்ளிக்கிழம காலேஜுக்குப் போறீங்க, சர்க்கரைய வாங்கிட்டு நகரு" என்கிற அளவுக்குச் சொல்லிவைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் டேஷ்போர்டைத் துடைக்கிறேன் என்று உள்ளே உட்கார்ந்து, பெட்டியிலிருந்த வண்டிப் புத்தகத்தை எடுத்துவிட்டாள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை குங்குமம் வைத்ததைத் தவிர அந்தப் புத்தகத்துக்கு நான் வேறு தொந்தரவு கொடுத்ததில்லை.

"அப்பா, இதுல டீசல் வண்டிக்கு பெல்ட்டுன்னு போட்டிருக்குது."

"அது ஃபேன் பெல்ட்டுமா."

"இல்லப்பா, டைமிங் பெல்ட்டு. பெட்ரோல் வண்டிக்குத்தான் செயினாம். இத்தன கிலோமீட்டர் ஓடுனாலும் மாத்தணும், ஓடாம நின்னாலும் இத்தன வருஷத்துல மாத்தணும். எது முந்துதோ அதுன்னு போட்டிருக்கான். நம்மளுது ரெண்டுமே தாண்டிடுச்சு."

"புக்குல தப்பா போட்டிருப்பான்."

"கம்பெனிக்காரனே அவன் வண்டிய தப்பா எழுதுவானா?"

"எழுதுவான். அவன் வண்டிய ஓட்டறவனா, நான் ஓட்டறவனா?"

அவள் அடுத்த வரியைப் படித்தாள். "பெல்ட்டுல எண்ணெய் படவே கூடாதுன்னு வேற எழுதியிருக்குது."

நான் குழாயை மூடினேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "யோவ், நீ மாசாமாசம் ஊசி போடுவியே, அது எங்க போட்ட?" என்று கேட்டாள்.

கோட்டக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். பல வருஷம் வளைகுடாவில் கராஜில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மதியத்துக்குள் அவர் முன்னால் வண்டியை நிறுத்தினேன். வழியெல்லாம் இருபதுக்கு மேல் போகவில்லை, ஒரு சைக்கிள்காரர் என்னை ஓவர்டேக் செய்து திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

பாய் கவரைத் தட்டிப் பார்த்தார். "பிளாஸ்டிக் கவரு. செயின்னா இரும்பு மூடி போட்டு சீல் பண்ணியிருப்பான். எவன் சொன்னான் செயினுன்னு?"

"புரோக்கரு சொன்னான் பாய்."

"அவன் சொன்னான், நீ நம்பிட்ட." நாலு போல்ட்டைக் கழற்றிக் கவரை எடுத்தார். எடுத்தவர் குனிந்து உள்ளே பார்த்தார். பிறகு மெதுவாக, "யா அல்லாஹ்" என்றார்.

உள்ளே பெல்ட் கறுப்பாகப் பளபளத்தது. விளிம்பெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. அடியில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து களிம்பாகக் கட்டியிருந்தது.

"ஏம்பா, இது ரப்பரு. பஜ்ஜின்னு நெனச்சியா, எண்ணெயில முக்கி எடுக்க?"

நடந்ததைச் சொன்னேன். சிரிஞ்சைப் பற்றியும் சொன்னேன். பாய் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்துக் கடையிலிருந்து டயர்க்காரரைக் கூப்பிட்டு, அவருக்கும் சொல்லச் சொன்னார். ரெண்டாவது தடவை நான் இன்னும் நன்றாகவே சொன்னேன். என்னைப் பற்றிய காமெடியை மற்றவர்கள் சொல்ல விடக்கூடாது, சொதப்பிவிடுவார்கள்.

சிரித்து முடித்ததும் கேட்டேன்: "பாய், நாளைக்குப் பொண்ணக் காலேஜுல விடணும். போயிட்டு வந்து மாத்திக்கலாமா? எட்டு வருஷம் ஓடுச்சே, இன்னும் ஒரு நாள் ஓடாதா?"

"ஓடலாம். அறுந்தும் போகலாம். சொல்லிட்டு அறுக்காது. அறுந்தா வால்வு இருக்கற எடத்துல பிஸ்டன் வந்து மோதும், எஞ்சினே போச்சு. அத விடு. ஈசிஆர்ல நூறுல போறப்போ எஞ்சின் நின்னா பவர் ஸ்டியரிங்கும் நிக்கும், பிரேக்கும் கல்லாயிடும். பின்னாடி பஸ்ஸுக்காரன் வருவான்."

"இன்னிக்கே மாத்த முடியாதா?"

"பெல்ட்டு மட்டும் போட்டா பத்தாதுப்பா. பெல்ட்ட இழுத்துப் புடிக்கற டென்ஷனரு, வாட்டர் பம்பு எல்லாம் சேத்து மாத்தணும். உள்ள பூரா எண்ணெய கழுவணும். சாமான் வரணும். சனிக்கிழம சாயந்திரம் தர்றேன்."

நான் குனிந்து பெல்ட்டை விரலால் லேசாக நெருடினேன். ஒரு பல் பெயர்ந்து என் விரலோடு வந்தது. கத்தரிக்காய் விதை மாதிரி அவ்வளவு சுலபமாக வந்தது. போன வாரம்தான் இதே வண்டியில் மூன்று குழந்தைகளோடு ஒரு குடும்பத்தைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டு வந்திருந்தேன்.

சீட் கவர் ஞாபகம் வந்தது. டீக்கடை ஞாபகம் வந்தது. காலேஜ் கேட்டைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனாலும் அதற்குள் நான் எத்தனையோ தடவை வண்டியைத் திருப்பியிருக்கிறேன். அந்தப் பல்லைக் கீழே போட்டுவிட்டு, "கழட்டுங்க பாய்" என்றேன்.

என் வாழ்க்கையில் நான் புத்திசாலித்தனமாகச் சொன்ன சொற்கள் கொஞ்சம்தான். இது அதில் முதலில் வரும்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது மகள், "பஸ்ல போலாம்பா, நான் ஜன்னல் சீட்டு புடிச்சுக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். ஒரு சின்ன முகச்சுளிப்பாவது இருக்கும் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். வீணாகப் போனது.

மறுநாள் காலையில் புதுத் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். பக்கத்தில் மகள், பின்னால் பையோடு வீட்டுக்காரி. கார் ஸ்டாண்டைத் தாண்டாமல் பஸ் ஸ்டாப்புக்குப் போக முடியாது. எல்லாப் பயல்களும் இருந்தார்கள்.

"டேய், சீட் கவரு எங்கடா? பெட்டிக்கு மாட்டிட்டியா?"

"செயின் வண்டி என்னாச்சு மச்சான்? அமாவாசைக்கு முன்னாடியே படுத்துடுச்சா?"

சொல்லாமல் நழுவியிருக்கலாம். மகள் கூட இருந்தாள். "செயினு இல்லடா, அது பெல்ட்டு" என்றேன். "எட்டு வருஷமா ரப்பரு பெல்ட்டுக்கு எண்ணெய் ஊத்தியிருக்கேன். கையில தொட்டா பல்லு கொட்டுது. ஊர்ல என்னைய மாரி ஒரு அறிவாளி கெடையாது."

சிரிப்பார்கள் என்று பெட்டியை இறக்கிவைத்துக் காத்திருந்தேன். ஒருவனும் சிரிக்கவில்லை. என்னுடையதைப் போலவே டீசல் வண்டி வைத்திருக்கிற ஒருத்தன் தொண்டையைச் செருமினான்.

"ஊத்தக்கூடாதாடா?"

"நீயும் ஊத்துனியா?"

"நீதானடா சொன்ன."

அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் போய்த் தன் வண்டியின் பானெட்டைத் திறந்தான். இன்னொருத்தன், "எனக்கு ஏர்போர்ட் டிரிப்பு இருக்குடா" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"ஏத்தாத. வேற வண்டிய சொல்லிவுடு. கவரு பிளாஸ்டிக்கா இரும்பான்னு மொதல்ல பாரு. பிளாஸ்டிக்குன்னா நேரா கோட்டக்குப்பம் போ, பாய்கிட்ட நான் அனுப்பினேன்னு சொல்லு. கண்டிப்பா சிரிப்பாரு, பரவால்ல."

ரெண்டு வண்டிகள் கிளம்பிப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். தப்பாகச் சொல்லிக்கொடுத்தவனும் நானே, திருத்தியவனும் நானே. ஒரே ஆள் ரெண்டு வேலையும் பார்ப்பது லேசான காரியமா?

காலேஜ் பெரிய காலேஜ். கேட்டுக்கு உள்ளே கார்கள் வரிசையாக நின்றன. எங்கள் மூவரைத் தவிர எல்லோரும் காரில்தான் வந்திருந்தார்கள் என்று எனக்குப் பட்டது. எண்ணிப் பார்க்கவில்லை, மனசு அப்படி எண்ணியது. வெளியே வந்த வாட்ச்மேன் என் தலைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "வண்டி எங்க சார் நிக்குது?" என்று கேட்டார். "ஆஸ்பத்திரியில" என்றேன். அவர் பதறிவிட்டார். அப்புறம் விளக்க வேண்டியதாயிற்று.

ஹாஸ்டலில் கையெழுத்துப் போட்டுவிட்டு மரத்தடியில் நின்றோம். பக்கத்தில், மகளோடு அதே அறையில் தங்கப்போகிற பெண். அவளுடைய அப்பா, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டவர், கிளம்பலாம் என்று காரை ஸ்டார்ட் செய்தார். ரெண்டு மூன்று செகண்டு கரகரவென்று ஒரு சத்தம் வந்து நின்றது. அவர் கண்டுகொள்ளவில்லை. என் காது சும்மா இருக்குமா?

"சார், ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணுங்க. பெட்ரோல் வண்டியா?"

"ஆமா. ஏன்?"

"இந்தச் சத்தம் தெனமும் வருதா?"

"காலைல வரும். கொஞ்ச நேரத்துல போயிடும். செயின் வண்டிங்க, மெயின்டனன்ஸே கிடையாது."

அந்தச் சொல்லைக் கேட்டதும் கார் ஜன்னலருகே போய்க் குனிந்தேன். "சார், செயினுன்னாலும் தளரும். ஆயில் நேரத்துக்கு மாத்தலன்னா சீக்கிரமா தளரும். எங்க ஸ்டாண்டுல ஒரு வண்டி இப்படித்தான் கரகரன்னுச்சு, கடைசில செயினயே மாத்துனான். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி இந்தச் சத்தத்த ஒரு மெக்கானிக்க கேக்க வெச்சுடுங்க. ரெண்டு பொண்ணுங்களும் இனிமே உங்க வண்டியிலயும் வரும், எங்க வண்டியிலயும் வரும்."

அவர் இறங்கி வந்தார். தன் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வண்டி வெச்சிருக்கீங்க?"

"டீசல் சார். பெல்ட்டு வண்டி." நிமிர்ந்துதான் சொன்னேன். "காலம் தாண்டிப் போச்சு, பொண்ண அதுல ஏத்த மனசு வரல. மாத்த விட்டிருக்கேன். இன்னிக்கு பஸ்ஸுல வந்தோம்."

அவர் போனை எடுத்து யாரிடமோ, "இங்க பக்கத்துல நல்ல மெக்கானிக் யாரு?" என்று கேட்க ஆரம்பித்தார்.

திரும்பிப் பார்த்தேன். மகள் தகரப் பெட்டியின் மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "எங்கப்பா" என்றாள்.

நான் யாரென்று அந்தப் பெண் கேட்கவே இல்லை.