மஞ்சள் கடுதாசி கொடுத்தோம், ஊரைவிட்டு ஓடவில்லை

மூன்று வருடங்களுக்கு முன், நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் அது. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறையில் நானும் என் கணவரும் தோல் பை தைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் பைகளை மொத்தமாக எடுக்கும் வெளியூர் வியாபாரி, பாக்கியைக் கொடுக்காமலே கடையை மூடிவிட்டார் என்று போன் வந்தது. அவரை நம்பித்தான் தோல் கடையில் கடனுக்குச் சரக்கு எடுத்திருந்தோம். வட்டிக்கும் வாங்கியிருந்தோம். போதாததற்கு, நிலக்கோட்டையில் பூ வியாபாரம் செய்யும் என் தோழி, தன் சீட்டுப் பணத்தைக் கைமாற்றாகக் கொடுத்திருந்தாள்.

சில மாதங்களில் வட்டிக்காரர் வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். தெரிந்த முகங்களைப் பார்க்கக் கூசி, என் கணவர் பள்ளிவாசலுக்குப் போவதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றைப் பிசைந்தபடியே, "மஞ்சக் கடுதாசி குடுத்துட்டு எங்கிட்டாவது போயிருவோம்" என்றார்.

எங்கள் பக்கம் மஞ்சள் கடுதாசி என்றால் திவால் நோட்டீஸ். அதைக் கொடுத்தவன் ஊரை ஏமாற்றினவன் என்று கேட்டே வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லை என் வீட்டுக்குள்ளேயே கேட்பேன் என்று நினைத்ததே இல்லை. ஆனாலும் அது என்னதான் என்று விசாரித்துவிடலாம் என, கோர்ட் வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அவரைக் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கிருந்த பெண் வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நோட்டீஸ் குடுத்துட்டு எந்த ஊருக்குப் போறதா இருக்கீங்க?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்: "எங்கயும் போக வேணாம்மா. இங்கயே இருந்து தொழில் பாத்து, முடிஞ்சதக் கட்டத்தான் இந்தச் சட்டமே இருக்கு."

பொறுமையாகச் சொன்னார். ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் நொடித்துப்போனவர், தன்னைச் சிறையில் தள்ளிவிடாதபடி கோர்ட்டில் பாதுகாப்பு கேட்கலாம். இருக்கிற சொத்தைக் கோர்ட் அதிகாரி பொறுப்பெடுத்து, கடன் கொடுத்த எல்லோருக்கும் அவரவர் பங்குக்குப் பிரித்துத் தருவார். பிழைப்புக்கு வைத்திருக்கும் கருவிகளில் கை வைக்க முடியாது. மீதிக்குத் தவணை கேட்கலாம். கடன் கொடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒத்துக்கொண்டு, அவர்கள் பங்கு மொத்தக் கடனில் முக்கால்வாசியாகவும் இருந்தால், கோர்ட் அதை ஏற்கலாம். ஏற்றுவிட்டால், ஒத்துக்கொள்ளாதவரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

"ஆனா ஒண்ணு. எதையும் ஒளிக்கக் கூடாது. ஒளிச்சீங்கன்னா எல்லாம் போச்சு."

ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன மனை இருந்தது. மகளுக்கென்று வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "அத மட்டும் தம்பி பேருக்கு மாத்திருவோமே. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

"வேணாம் மச்சான். வக்கீலம்மா அம்புட்டுத் தூரம் சொல்லியும் கேக்க மாட்டீங்களா? மனை போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்" என்றேன். இரண்டு நாள் அந்தப் பத்திரம் அலமாரியிலேயே பூட்டிக் கிடந்தது. மூன்றாம் நாள் மனைப் பத்திரத்தை எடுத்து அவரே என் கையில் கொடுத்தார்.

கோர்ட்டில் திவால் மனுப் போட்ட கையோடு ஒரு காரியம் செய்தேன். நோட்டீஸ் போய்ச் சேருமுன், கடன் கொடுத்த ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். நிலக்கோட்டைக்குப் போனதுதான் கொடுமை. மார்க்கெட்டில் மல்லிகை மூட்டைகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள் தோழி. சொன்னதும், "ஏண்டி, எனக்குமா மஞ்சக் கடுதாசி?" என்று கேட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ்ஸில் ஊர் வரும் வரை அழுதுகொண்டே வந்தேன்.

நோட்டீஸ் கிடைத்த மறுநாளே வட்டிக்காரர் குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியும் ஆட்களுமாக வந்து இறங்கினார். "மெஷினத் தூக்குங்கடா" என்றார். என் கணவர் மருந்து வாங்க வெளியே போயிருந்தார். வாசலில் குறுக்கே போய் நின்றேன். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியம்.

"கோர்ட்டுல மனு இருக்குண்ணே. கோர்ட் ஆளுங்களே இந்தத் தையல் மெஷினத் தொட முடியாது. நீங்க எந்த உத்தரவ வச்சுத் தூக்குறீங்க? காட்டுங்க" என்றேன். வக்கீலுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரையும் திறந்துவிட்டேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் பக்கத்தில் நின்றார்கள். வக்கீல் பேசப் பேச, வந்த ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டி வந்தபடியே காலியாகத் திரும்பியது. அன்று சாயங்காலம் அந்த மெஷினில் உட்கார்ந்து ஒரு முழுப் பையைத் தைத்து முடித்த பிறகுதான் எழுந்தேன்.

பிறகு வாய்தாக்கள். கோர்ட் என் கணவரைத் திவாலானவர் என்று அறிவித்தது. அடுத்து எங்கள் தவணைத் திட்டம் விசாரணைக்கு வந்தது. மனையை விற்ற பணம் உடனே, மீதி மாதத் தவணையில். வட்டிக்காரர், "என்னால ஒத்துக்க முடியாது" என்று எழுந்து நின்றார். எல்லோரும் தயங்கினார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "எனக்குச் சம்மதமுங்கய்யா. கடுதாசி வாரதுக்கு முன்னாடியே என் மூஞ்சியப் பாத்துச் சொன்னவ இவ. தர மாட்டேன்னு சொல்லல, தாரேன்னுதான் சொன்னா."

என் தோழி! அன்றைய பூ வியாபாரத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள். அவளுக்கடுத்து, எங்களுக்கு அதிகமாகக் கடன் கொடுத்திருந்த தோல் கடைக்காரரும் சம்மதம் என்றார். பிறகு மற்றவர்களும். வட்டிக்காரர் ஒருவர்தான் மிச்சம். நீதிபதி திட்டத்தை ஏற்று, திவால் உத்தரவையும் ரத்து செய்தார். என் கணவர் கோர்ட் படியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அந்த வெள்ளிக்கிழமை, முன் வரிசையில் தொழ வேண்டும் என்று பாங்கு சொல்லுமுன்னே பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிட்டார்.

போன மாதம் கடைசித் தவணையைக் கட்டினோம். தோல் கடைக்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு, "அடுத்த சரக்கு எப்ப எடுக்குறீங்க பாய்?" என்று கேட்டாரே, அதைவிடப் பெரிய பட்டம் எங்களுக்கு வேண்டாம். இப்போது கடனில் தவிக்கும் பெண்கள் யாராவது என்னிடம் வந்தால், முதலில் சாப்பிடச் சொல்கிறேன், பிறகு நானே சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப் போகிறேன். கடனைவிட, நமக்கு ஒரு சட்டம் இருப்பதே தெரியாத பயம்தான் ஒரு குடும்பத்தை ஊரைவிட்டே துரத்தும் என்பது, அந்த விளிம்பு வரை போய்த் திரும்பிய எனக்குத் தெரியும்.