டபுள் தையல் போட்ட மழைக்கோட்டு

கடலூர்க்காரனுக்கு மழையைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணமாக இருந்தது. வங்கக் கடலில் எந்த மூலையில் காற்றழுத்தம் குறைந்தாலும் டிவியில் முதலில் எங்கள் ஊர்ப் பெயரைத்தான் சொல்வார்கள். வானத்தைப் பார்த்தே நாளைக்கு லீவு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுகிற ஆட்கள் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்கள். மஞ்சக்குப்பத்தில் இருபத்தாறு வருடமாக ஃபைல் கட்டுகிற நானும் அவர்களில் ஒருவன். அப்படிப்பட்டவன் போன ஐப்பசியில் ஒரே ஒரு மழைக்கோட்டு வாங்கப் போய் மூன்று வாரம் திருதிருவென்று முழித்தேன்.

கோட்டு எனக்கில்லை, என் மகளுக்கு. சிதம்பரத்தில் விடுதியில் தங்கித் தாவரவியல் இரண்டாம் வருடம் படிக்கிறாள். கார்த்திகையில் கொடைக்கானல் பக்கம் ஐந்து நாள் களப்பயணம். காட்டுக்குள் நடந்து செடிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டுமாம். என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வந்தது. கனமில்லாத, மடித்துப் பையில் வைக்கக்கூடிய மழையுடை, குடை கூடாது என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் படித்ததுமே என் மனைவி போனைக் கீழே வைத்துவிட்டாள்.

“மழையிலயா நடக்க விடப் போறாங்க? நான் அனுப்ப மாட்டேங்க,” என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. மகளுக்கு நாலு வயதிலிருந்து வீசிங். ஒவ்வொரு மழைக்காலமும் எங்களுக்கு ஆஸ்பத்திரிக் காலம்தான். மற்ற பிள்ளைகள் தெருத் தண்ணீரில் குதித்துக்கொண்டிருக்க, இவள் ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே நிற்பாள். இந்தப் பயணத்தையாவது விட்டுவிடக் கூடாது என்று போனில் என்னிடம் அழுதாள். நான் உடனே வாக்குக் கொடுத்துவிட்டேன், என் புத்தி அப்படி. அவள் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று மனைவியிடம் சொன்னேன்.

“சரி. ஆனா நனைஞ்சான்னு தெரிஞ்சா டூர் கேன்சல். படிப்பு முடியற வரைக்கும் இனிமே எங்கயும் கெடையாது,” என்றாள்.

ஆக, மகள் மலை ஏறுவதும் ஏறாததும் நான் வாங்கப்போகிற கோட்டின் கையில் இருந்தது.

முதலில் பக்கத்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பைக் ஓட்டுபவர்கள் போடுகிற கோட்டைத் தூக்கிப் போட்டார். கையில் வாங்கியதும் தோள் இறங்கியது. மடித்துக் காட்டுங்கள் என்றேன். மடித்தார், தலையணை அளவுக்கு வந்தது. இதைப் பையில் வைத்தால் பையில் வேறு எதுவும் வைக்க முடியாது. அடுத்து, ஒரு முறை போட்டுவிட்டுத் தூக்கிப் போடுகிற பாலிதீன் கவர் ஒன்றைக் காட்டினார். சட்டைப் பையில் அடங்கியது, முள் பட்டால் கிழியும். காட்டில் முள்ளைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மூன்றாவதாக, கை இல்லாமல் தலைவழியாக மாட்டிக்கொள்கிற பான்சோ ஒன்று. கோணியைக் கவிழ்த்துக்கொண்டு நெல் மூட்டை இறக்குகிறவர்களைப் போல இருந்தது. என் மகள் கோணி போட்டுக்கொண்டா காட்டுக்குப் போவாள் என்று கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு மச்சானுக்கு போன் போட்டேன். மனைவியின் தம்பி, சேத்தியாத்தோப்பில் இருக்கிறான். வருடத்துக்கு ஒரு முறை நண்பர்களோடு மலை ஏறிவிட்டு வந்து, மீதி பதினோரு மாதமும் அதைப் பற்றிப் பேசுகிறவன். அவன் ஆன்லைனில் பார்க்கச் சொன்னான். பார்த்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நம்பர். இரண்டாயிரம் மில்லிமீட்டர், மூவாயிரம், ஐயாயிரம், பத்தாயிரம். நான் மில்லிமீட்டரில் பிறந்து வளர்ந்தவன். கடலூரில் இரண்டு வருடம் பெய்கிற மழையைச் சேர்த்தாலும் மூவாயிரம் வருமா? அவள் போவது ஐந்தே நாள். இரண்டாயிரமே ஜாஸ்தி என்று மச்சானிடம் சொன்னேன்.

“மாமா, அது மழ அளவு இல்ல,” என்றான். “துணி மேல ஒரு குழாய நிறுத்தித் தண்ணி ஊத்துனா, எவ்ளோ ஒயரம் வரைக்கும் ஒழுகாதுன்றதுதான் அந்த நம்பர்.”

“காட்டுல குழாய யாரு நிறுத்துவா?”

“மாமா, நீ அஞ்சாயிரம் வாங்கு. கேள்வி கேக்காத.”

அதோடு விட்டானா? வாட்டர் ரெசிஸ்டன்ட் வேறு, வாட்டர் ப்ரூஃப் வேறு என்றான். நல்ல கோட்டு மூச்சு விடும் என்றான். உள்ளே இருக்கிறவள் மூச்சு விட வேண்டும் என்றுதானே இத்தனை பாடு, கோட்டு எதற்கு மூச்சு விட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. வியர்வை வெளியேறுவதைச் சொல்கிறான் என்று இரண்டு நாள் கழித்துத்தான் விளங்கியது. அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை ஆர்டர் போட்டிருந்தேன். விலை கடைக்காரர் சொன்னதைவிட அதிகம், மச்சான் போட்டிருப்பதைவிடக் குறைவு.

வந்தது ஒரு தேங்காய் அளவுப் பொட்டலம். தன் பாக்கெட்டுக்குள்ளேயே தான் அடங்கி இருந்தது. பிரித்தால் என் முழங்கால் வரை நீண்டது, முதுகுப் பையோடு சேர்த்துப் போட வேண்டுமே என்று நான்தான் பெரிய சைஸாகச் சொல்லியிருந்தேன். அதைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் அடக்க அரை மணி நேரம் ஆனது. அன்று சாயங்காலமே பாத்ரூமில் முக்காலி போட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மனைவி மொண்டு மொண்டு பத்து வாளி ஊற்றினாள். இத்தனை வருடக் கோபத்தையும் சேர்த்தே ஊற்றினாள் என்று நினைக்கிறேன். கழற்றிப் பார்த்தால் பனியன் காய்ந்த பனியனாகவே இருந்தது. அவள் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ராத்திரி கோட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். தையல் ஓடிய இடமெல்லாம் மேலே ஒரு பட்டையை ஒட்டி வைத்திருந்தார்கள். பிடித்து இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஆனாலும் ஒட்டிய சமாச்சாரம் எத்தனை நாளைக்கு? எங்கள் வீட்டில் ரெடிமேடாக வாங்கிய எதுவும் நேராக உடம்புக்குப் போனதில்லை. பள்ளிக்கூடப் பையானாலும் சரி, சுடிதாரானாலும் சரி, முதலில் தெருமுனை டெய்லரிடம் போய் டபுள் தையல் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் வரும். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கம்பெனிக்காரன் பேருக்கு ஒரு தையல் ஓட்டுவான், பத்தே நாளில் பிரியும் என்பது எங்களுக்கு ஊறிப்போன நம்பிக்கை.

டெய்லர் கோட்டைத் தடவிப் பார்த்தார். “வழுக்குது சார். ஊசி நிக்குமான்னு தெரியல,” என்றார்.

“கெட்டி ஊசியா போடுங்க. தோள், கை, முதுகு, எல்லாத்துலயும் ஒன்னுக்கு ரெண்டா ஓட்டிடுங்க. பாப்பா மலைக்குப் போவுது,” என்றேன்.

அவர் எங்கள் பாப்பாவின் எல்கேஜி பையிலிருந்து தைத்தவர். மனசாட்சியோடு ஒன்றுக்கு மூன்றாகவே ஓட்டிக் கொடுத்தார். நான் அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். இரும்பு மாதிரி இருந்தது. ரொம்பப் பெருமையாக இருந்தது.

பயணத்துக்கு முந்தின நாள் கோட்டை எடுத்துக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்தது. பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது எதிரில் இருந்த கடைகள் தெரியவில்லை. ஆட்டோக்காரர் கூப்பிட்டார், நான் போகவில்லை. இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும்? கோட்டை மாட்டிக்கொண்டு, மகளை வரச் சொல்லியிருந்த கீழ வீதி காபிக் கடைக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

பாதி வழியில் தோளில் ஜில்லென்றது. வியர்வை என்று நினைத்தேன். பிறகு முதுகில் ஒரு கோடு இறங்கியது. காபிக் கடைக்குள் போய்க் கழற்றிப் பார்த்தால், என் சந்தன நிறச் சட்டையில் தோளைச் சுற்றி, கை நெடுக, முதுகு நடுவே என்று ஈரக் கோடுகள். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடந்தது. பத்து வாளிக்கு ஒழுகாத கோட்டு பத்து நிமிட மழைக்கு எப்படி ஒழுகும்? எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. மச்சானை வீடியோவில் கூப்பிட்டுக் கோட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். கம்பெனிக்காரனைத் திட்டினேன்.

“இரு மாமா. அந்த நூலு யாரு போட்டது?”

“நாந்தான். ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு டெய்லர்கிட்ட குடுத்தேன்.”

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அந்தப் பட்டைய ஒட்டுனதே ஊசி ஓட்டைய அடைக்கத்தான் மாமா. நீ அது மேலயே புதுசா ஆயிரம் ஓட்ட போட்டு வச்சிருக்க.”

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. காவலுக்கு என்று நான் வைத்ததே மகளைக் கவிழ்த்துவிட்டது. மனைவிக்கு என்ன சொல்வது, மகளுக்கு என்ன சொல்வது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது மகளே வந்தாள். சைக்கிளில். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சிரித்துக்கொண்டே சைக்கிளை ஸ்டாண்ட் போட்டாள்.

“அறிவிருக்கா ஒனக்கு? இழுக்கப் போவுது!” என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

“இழுக்காதுப்பா. போன வருஷத்துலேந்து நனைஞ்சினுதான இருக்கேன்.”

அவள் எதிரில் உட்கார்ந்து, என் கைக்குட்டையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். போன வருடம் கல்லூரியில் காய்ந்த செடிகளை ஒட்டி வைத்திருக்கும் அலமாரியைத் திறந்தபோது இழுத்திருக்கிறது. டாக்டரிடம் தானாகவே போயிருக்கிறாள். தூசிக்குத்தான் வருகிறது, மழைக்கு வரவில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்ஹேலர் பையில்தான் இருக்கிறது, மழையில் ஒரு நாளும் அதை எடுக்க நேர்ந்ததில்லை.

“ஆனா மழ பேஞ்சாத்தானம்மா ஒனக்கு வந்துச்சு? எத்தன வருஷம் பாத்தோம்?”

“மழ பேஞ்சா நீங்க என்னா பண்ணுவீங்க? ஜன்னல எல்லாம் சாத்திட்டு, பரண்லேந்து அந்தக் கம்பளிய எறக்கி எனக்குப் போத்துவீங்க.”

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. காபியை ஊதிக்கொண்டே சாதாரணமாகத்தான் சொன்னாள். வருடம் முழுக்கப் பரணில் கிடக்கும் அந்தக் கம்பளியை ஒவ்வொரு மழைக்கும் இறக்கிப் போர்த்தியவன் நான்தான். மூக்கு வரைக்கும் இழுத்து விடுவேன்.

“ஏன் இத்தன நாளா சொல்லல?”

“சொன்னா அம்மா பயந்துக்கும். நீ எதனா வாங்கினு வந்துடுவ,” என்றாள்.

என் சட்டையில் இருந்த கோடுகளை அவள் பார்த்தாள், கோட்டைப் பார்த்தாள். வா என்று என்னைத் தெற்கு வீதிக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஒரு கடையில் பான்சோ கேட்டாள். தூக்கிப் பார்த்தாள், முதுகுப் பையின் மேல் விழுகிறதா என்று கவிழ்த்துப் பார்த்தாள், தையல் குறைவாக இருக்கிறதா என்று ஒரு தடவை உள்ளே புரட்டினாள், சுருட்டி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நனையறதுக்கு பயந்து இல்லப்பா, நோட்டு நனையக் கூடாது, என்றாள்.

கடை வாசலில் நிற்கும்போது மனைவி கூப்பிட்டாள்.

“கோட்டு எப்படிங்க இருக்கு? அங்க மழையாமே. பாப்பா நனையலையே?”

நனையவில்லை என்று சொல்லிவிடலாம். நாளைக்கு அவள் ரயில் ஏறிவிடுவாள். மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன், என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

“நனைஞ்சிட்டா,” என்றேன். “தொப்பலா நனைஞ்சிருக்கா. நல்லாத்தான் இருக்கா.”

மகள் போனை என்னிடமிருந்து வாங்கினாள். வாங்கித் தன் நெஞ்சில் வைத்து அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை இழுத்தாள், விட்டாள். மறுபடி இழுத்தாள், விட்டாள். நாலு வயதிலிருந்து அவள் முதுகில் காது வைத்து, விசில் சத்தம் கேட்கிறதா கேட்கிறதா என்று விடியும்வரை உட்கார்ந்திருந்தவள் என் மனைவி. அவள் அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஐந்தாறு மூச்சுக்குப் பிறகு மகள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“கேக்குதாம்மா?”

“ஒன்னும் கேக்கல,” என்றாள் என் மனைவி. “மழ சத்தந்தான் கேக்குது.”

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே, போய்ட்டு வா, தலையத் தொவட்டு, என்றாள். எனக்கும் கண்ணீர் வந்தது. சந்தோஷத்தில் வந்ததா, பதினாலு மழைக்காலத்தை மகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டோமே என்று வந்ததா, இன்று வரைக்கும் எனக்கு விளங்கவில்லை.