நாற்பது பெட்டிகளும் ஆமத்தூர் வடையும்

1. வடை

வடையைப் பிய்த்து வாயில் போட்ட பிறகுதான் அதைச் சுற்றியிருந்த காகிதத்தைப் பார்த்தேன். பட்டாசு லேபிள். ஒரு தெருமுனை, நடுவில் வெடித்துச் சிதறும் நெருப்பு, சுற்றிலும் கையைத் தூக்கியபடி ஆட்கள். படத்தில் அவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். வடை எண்ணெய் முகங்களை அழித்துவிட்டிருந்தது. தூக்கிய கைகள் மட்டும் மிச்சம்.

எங்கள் பிரஸ்ஸில் அடித்த லேபிள்தான். கலர் செட் ஆகும்வரை ஓடி வீணாகும் வேஸ்ட் ஷீட்டுகள் கட்டுக்கட்டாகச் சேரும். கொஞ்சம் டீக்கடைகளுக்குப் போகும். மீதியைக் கசக்கி, பொருள் ஆடாமலிருக்க அட்டைப்பெட்டிக்குள் திணிப்போம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, கை தானாகச் செய்யும்.

ஆமத்தூர் டீக்கடை வாசலில் எங்கள் குட்டியானை லோடு வண்டி நின்றது. அதில் நாற்பது பெட்டிகள். எல்லாவற்றிலும் என்ன திணித்திருக்கிறது என்று அந்த நொடியில் புரிந்தது. மிச்ச வடையைப் பெஞ்சில் வைத்துவிட்டேன்.

2. மார்த்தாவின் ஆர்டர்

சிவகாசி பிரஸ் ஒன்றின் எக்ஸ்போர்ட் பிரிவில் எனக்கு மூன்று வருஷ அனுபவம். இதைப் புதிதாகச் சேர்பவர்களுக்காக எழுதுகிறேன். படித்தது அரசியல் அறிவியல். மேலை நாடுகளில் தீவிரவாதம் ஏன் வளர்கிறது என்று பரீட்சையில் ஏழு காரணம் எழுதி, பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியவள் நான்.

எட்டாவது காரணமாக எதையும் சொல்லாமல் மார்த்தா என்ற பெண்ணின் மெயில் வந்தது. ஐரோப்பாவில் ஒரு சிறிய ஊர். அவருடைய தம்பி தேர்தல் நேரத்தில் தெருமுனையில் மேஜை போட்டு நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன் மேஜைக்கடியில் பையை வைத்துவிட்டுப் போனான். வெளியூர்க்காரன் இல்லை, நாலு தெரு தள்ளி வீடு. தன் நாட்டை யாரோ திருடுகிறார்கள் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ பார்த்துப் பார்த்தே நம்பியவன். பையிலிருந்த குண்டு வெடித்துத் தம்பி இறந்துபோனார். நோட்டீஸ் வாங்க நின்ற இரண்டு பேரும்.

முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு ஊர் மண்டபத்தில் வெற்று டைரிகள் வைப்பார்கள், வருகிறவர்கள் நினைவில் இருப்பதை எழுதுவார்கள். அறுநூறு டைரி. பெட்டிகளைப் பிரித்து அடுக்கப் போவது ஊர்ப் பிள்ளைகள். அதில் தம்பி மகளும் உண்டு, கதவு அறைந்து சாத்தினாலே மேஜைக்கடியில் ஒளிகிற பிள்ளை. மார்த்தா கேட்டது ஒன்றுதான்: அட்டையில் சிவப்பு வேண்டாம்.

அட்டை நீலத்தை ஐந்து முறை சரிபார்த்தேன். பைண்டிங், பக்க எண்ணிக்கை, ஓரம் எல்லாம் பார்த்தேன். பிள்ளைகள் மூடியைத் திறந்ததும் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

3. அருவா வெட்டு

மணி இரண்டு. ஆறு மணிக்குள் விருதுநகர் பார்சல் ஆபீஸில் போடாவிட்டால் விமானம் போய்விடும். அதை விட்டால் நினைவு நாளுக்குப் பெட்டி போய்ச் சேராது.

டிரைவர் கருப்பசாமி அண்ணனிடம் சொன்னேன். "அண்ணே, பெட்டியெல்லாம் பிரிக்கணும்."

"எதுக்கு? டைரி கொறையுதா?"

"டைரி சரியாத்தான் இருக்கு. உள்ள திணிச்ச பேப்பர்தான் தப்பு."

"கசக்கிப் போடுத பேப்பர்ல சரியென்ன தப்பென்ன தாயி? வடையத் தின்னு, ஆறிப்போகும்."

எண்ணெய்க் காகிதத்தை அவர் முன்னால் விரித்தேன். மார்த்தாவின் தம்பி கதையைச் சொன்னேன். கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத எம்புட்டு லோடு ஏத்திருப்பேன். ஒரு நாளும் இப்படித் தெரியலியே."

முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்போம். போன் போட்டேன். முழுதும் கேட்டார்.

"டீக்கடையில தினசரி கெடக்கும்லா? அத வாங்கித் திணிம்மா."

எடுத்துப் பார்த்தேன். "மொதப் பக்கத்துலயே அருவா வெட்டு போட்டோ, அண்ணாச்சி."

"சரி, சினிமாப் பக்கத்தக் கிழிச்சுப் போடு."

"அதுல துப்பாக்கியோட ஒருத்தன் நிக்கான்."

போனிலேயே உச்சுக்கொட்டினார். பிறகு, "என்ன ஊரும்மா இது. டைரி ஓரம் வெட்டுன கட்டிங் வேஸ்ட் வெள்ளையாத்தான கெடக்கு? மாரியம்மாகிட்ட மூட்டையக் குடுத்து அனுப்புதேன்" என்றார்.

4. புளியமரத்தடி

பேக்கிங் பிரிவின் தலைவி மாரியம்மாள் அக்கா மூன்று பெண்களோடு லோடு ஆட்டோவில் வந்து இறங்கும்போதே முகம் கடுகடுவென்றிருந்தது.

"பதினெட்டு வருசமாக் கட்டுதேன். ஒரு பெட்டி திரும்பி வந்ததில்ல. நேத்து வந்த நீ பிரிக்கச் சொல்லுத?"

மேஜையடியில் ஒளிகிற பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். அக்கா லேபிளைக் கையில் வாங்கவில்லை. நின்றபடியே பார்த்தார்.

"சீசன்ல டம்முனு ஒரு சத்தம் கேட்டா, கையில உள்ளதப் போட்டுட்டு வாசலுக்கு ஓடி, எந்தப் பட்டாசு ஆலையில பொகைன்னு பாக்கோம்லா. அந்தப் புள்ளைக்குத் தெனமும் அப்படித்தான் இருக்கும்."

"ஏட்டி, டேப்பக் கிழிங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

புளியமரத்தடியில் விரித்த தார்ப்பாயில் பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. லேபிள் வெளியே, வெள்ளைக் கீற்றுகள் உள்ளே. கடைக்காரர் தானாகவே ஒரு டேப் சுருளை வாங்கி வந்து போட்டார். ஐந்து மணிக்கு எண்ணினோம். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினோம். முப்பத்தொன்பதுதான். தார்ப்பாயைத் தூக்கி அடியில் பார்த்தேன்.

அக்காதான் கண்டுபிடித்தார். "ஏ கருப்பசாமி, எந்திரியும்!"

நாற்பதாவது பெட்டி மேல் சாவகாசமாக உட்கார்ந்து அண்ணன் இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சொன்னாத்தான தெரியும்."

"உம்ம கனத்துக்கு டைரிக்குப் பைண்டிங்கே தேவையில்ல, தானா ஒட்டிருக்கும்."

சிரித்துக்கொண்டே கடைசிப் பெட்டியை மாற்றினோம். ஐந்தே முக்காலுக்குப் பார்சல் ஆபீஸ். நாற்பதாவது ஸ்டிக்கர் ஒட்டியதும் எடை மேடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "உங்களையும் அனுப்பணுமா மேடம்?" என்றார் கிளார்க். அதற்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கு எதற்கும் வந்திருக்கும்.

5. பதில்

மூன்று வாரம் கழித்து மார்த்தா எழுதினார். டைரி பற்றி ஒரு வரிதான். மீதியெல்லாம் வெள்ளைக் கீற்றுகள் பற்றி. பெட்டியைத் திறந்ததும் பிள்ளைகள் அதை அள்ளி அள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்திருக்கிறார்கள். மண்டபம் முழுக்கக் கூச்சல். கூட்டம் வருமுன் பெரியவர்கள் துடைப்பத்தோடு ஓட வேண்டியதாயிற்று. தம்பி மகள் ஒளியவில்லை, கூச்சல் போட்டதில் அவளும் ஒருத்தி.

மாரியம்மாள் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "மண்டபத்த நல்லா தூத்துப் பெருக்குனாகளாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஒருவன் ஏன் பையை வைத்தான் என்பதற்கு எட்டாவது காரணம் எனக்கு இன்னும் தெரியாது. வைத்த பிறகும் வாழ்கிறவர்கள் எதைக் கண்டு நடுங்குவார்கள் என்பது கேட்டால் தெரியும். கேட்பது நம் வேலையில் சேர்ந்தது. நான் கற்றது இவ்வளவுதான்.

திங்கட்கிழமை அண்ணாச்சியிடம், ஒவ்வொரு ஆர்டருக்கும் நிரப்பும் ஜாப் கார்டைக் கொண்டுபோகிறேன். பேப்பர் சைஸ், கலர், பைண்டிங் என்று வரிசையாக இருக்கும் கட்டங்களுக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்: பெட்டியைத் திறப்பது யார்? சீசன் நேரத்தில் இதை யார் நிரப்புவது என்று சத்தம் போடுவார். முதல் நூறு கார்டுகளை நானே நிரப்பித் தருகிறேன் என்று சொல்லப்போகிறேன்.